தோட்டப்புறத்தில் வலிப்பு நோய்: விலகாத தடைகள்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் வலிப்பு நோய் இன்றும் மறைத்து வைக்கப்படும் நோயாகவே இருந்து வருகிறது. லயத்தில் ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்தால் பூசாரியையும் அயற்கிராமங்களில் ஓதிப் பார்ப்பவரையும் நாடிய பின்னரே வைத்தியரை நாடும் குடும்பங்கள் இன்னமும் உள்ளன.

மூளையின் நரம்புக் கலங்களில் நிகழும் மின் செயற்பாடு திடீரெனக் கட்டுமீறுவதே வலிப்பாகும். அது தொற்று நோயுமன்று, தெய்வக் குற்றமுமன்று. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்வதாகவும், முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களுள் 70 சதவீதம் வரையானோர் வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நமது நாட்டிலோ அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாகும். அவ்வாறிருந்தும் அதன் பயன் தோட்டத் தொழிலாளியை முழுமையாகச் சென்றடையாதது ஏன்?

முதற்காரணம் நாட்சம்பளம். வலிப்புக்கான மருந்தை ஒரு நாளேனும் தவறாது ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள வேண்டும். எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ மலைமேலுள்ள தோட்டமொன்றிலிருந்து நகரத்துக் கிளினிக்குக்குச் செல்பவர் பஸ் கட்டணத்துடன் அன்றைய பேரையும் இழக்கிறார். அடுப்பெரிய வேண்டுமே என்று கிளினிக்கைத் தவறவிட்டால் மருந்து தீர்ந்து விடுகிறது. மருந்து திடீரென நின்றால் உயிருக்கே ஆபத்தான நீடித்த வலிப்பு ஏற்படக்கூடும். செங்குத்தான தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவருக்கு ஒரு நிமிட வலிப்பே போதும்.

இரண்டாவது காரணம் மொழி. நோயாளிக்கு வலிப்பு வரும் வேளையில் வைத்தியர் அருகில் இருப்பது அரிது. மூளையின் மின்னலைப் பரிசோதனையும் சில வேளைகளில் எதையும் காட்டாது போகலாம். எனவே கண்ணால் கண்ட தாயின் வாய்மொழியே நோயை நிர்ணயிக்கும் முக்கிய சாட்சியமாகும். அந்தச் சாட்சியம் சிங்களம் மட்டுமே தெரிந்த வைத்தியரிடம் அரைகுறையாகச் சென்றடைந்தால் சிகிச்சையும் அரைகுறையாகவே அமையும். தமிழும் அரச கரும மொழியென 13ஆவது திருத்தம் கூறியது 1987இல் ஆகும்.

மூன்றாவது காரணம் நமது அறியாமை. கையில் இரும்பைத் திணிப்பதும் வாயில் கரண்டியை நுழைப்பதும் நோயாளிக்குத் தீங்கையே விளைவிக்கும். அவரை ஒருக்களித்துக் கிடத்தி, தலைக்கு மெத்தென்ற துணியொன்றை வைத்து, நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். நோயாளிகளுக்கு நோன்பில் மார்க்கம் சலுகை வழங்கியிருக்க, ரமழானில் தாமாக மருந்தை நிறுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டியதே. திருமணம் தடைப்படுமென்று மகளின் நோயை மறைக்கும் பெற்றோர் அவளது சிகிச்சையையே தடை செய்கின்றனர்.

நரம்பியல் நோய்களுக்கான சிகிச்சையை ஆரம்ப சுகாதார சேவையுடன் இணைக்க வேண்டுமென்ற செயற்றிட்டத்தை உலக சுகாதார மாநாடு 2022இல் ஏற்றுக்கொண்டது. அது 2031 வரையானது. சுகாதார அமைச்சும் மாகாண சபை நிர்வாகமும் தோட்டக் கம்பனிகளும் கூடிப் பேசினால், தொடர் மருந்தைத் தோட்டத்துக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலையிலேயே வழங்குவதும், கிளினிக் நாளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை அளிப்பதும், தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவரை அமர்த்துவதும் இயலாத காரியங்களல்ல. சம்பளப் பேச்சுவார்த்தைகளில் குரலெழுப்பும் தொழிற்சங்கங்கள் இக்கோரிக்கைகளையும் முன்வைக்க வேண்டும். மருந்து இலவசமாக இருந்தும் அதனைப் பெறச் செல்லும் வழி அடைபட்டிருப்பின் அந்த இலவசத்தால் யாருக்குப் பயன்?