வெள்ளைப்படுதல் என்றொரு சொற்பிழை

பெண்ணுடலில் இயல்பாகக் கசியும் நீருக்குத் தமிழின் அன்றாடப் பேச்சில் பெயர் இல்லை. நோய்க்குத்தான் பெயர் இருக்கிறது. 'வெள்ளைப்படுதல்' என்று சொன்ன மாத்திரத்தில் அவள் நோயாளியாகிவிடுகிறாள்; அவதிப்படுதல், துன்பப்படுதல் வரிசையில் இதையும் நிறுத்திவிட்டோம். பெருமைப்படுதலும் அந்த வரிசையில் உண்டே என்று இலக்கண நண்பர் எவரேனும் மடக்கக்கூடும். உண்டுதான், இந்தச் சொல்லைப் பெருமையோடு உச்சரித்த ஒரு பெண்ணை அவர் காட்டட்டும். உமிழ்நீருக்கும் கண்ணீருக்கும் பெயர் வைத்த மொழி இதை மட்டும் விட்டுவிட்டது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வெளிவந்ததை ஒட்டி எழுந்த கூச்சலையும், அதற்கு மறுப்பாகச் சிற்றிதழ்களில் நிறைந்த பக்கங்களையும் நினைத்துப் பார்க்கிறேன். உடல்மொழி, உடலரசியல் என்று எத்தனை கட்டுரைகள்! அந்த வாதத்தில் நான் பெண்கவிஞர்களின் பக்கம்தான். ஆனால் உடல் குறியீடாக வந்தால் வரவேற்கும் நாம், திரவமாக வந்தால் "மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்" என்கிறோம். இது பாசாங்கு.

செய்தி எளியது. கருப்பைக் கழுத்திலும் யோனிச் சுவரிலும் ஊறும் நீர், உதிர்ந்த செல்களைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. நாளொன்றுக்கு ஒன்று முதல் நான்கு மில்லி லிட்டர் என்பது பாடநூல் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும். கருமுட்டை வெளிப்படும் நாட்களை ஒட்டி முட்டையின் வெள்ளைக்கருபோலத் தெளிந்து, விரலிடையில் நூலாய் நீளும். பிறகு கெட்டியாகி வெளுக்கும். கர்ப்பத்தில் மிகும். பூப்பெய்துவதற்குச் சில மாதங்கள் முன்பே சிறுமிக்கும் தொடங்கிவிடும். அங்கே வாழும் லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, பி.எச். அளவை 3.8க்கும் 4.5க்கும் இடையில் வைத்துக் கிருமிகளைத் தடுக்கின்றன. தயிரைப் புளிக்கவைப்பவற்றின் உறவினர்கள்தாம். சோப்பும் நறுமணநீரும் கொண்டு உள்ளே கழுவுகிறவள் தன் காவலர்களைத்தான் விரட்டுகிறாள்.

எலும்பு உருகி வடிகிறது, சத்தெல்லாம் இறங்கிவிடுகிறது என்பவை பொய்கள். 'உடம்புச் சூடு' அடுத்த சமாதானம். இளநீர் குடிப்பதில் நட்டமில்லை. இளநீரிலேயே ஆறு மாதம் கழிவதில்தான் ஆபத்து. திரிந்த பால்போல் கட்டிகட்டியாக வந்து அரித்தால் பெரும்பாலும் காண்டிடா என்னும் பூஞ்சை. சாம்பல் கலந்த வெண்மையில் மீன்வாடை அடித்தால் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்திருக்கலாம். மஞ்சளும் பச்சையுமாக நுரைத்தால் டிரைகோமோனாஸ் தொற்றாக இருக்கலாம். அது உடலுறவால் பரவுவது, ஆகவே கணவனும் மாத்திரை விழுங்க வேண்டும். பல வீடுகளில் வைத்தியம் நின்றுபோவது இந்த இடத்தில்தான். கண்ணால் கண்டதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது, சோதனை வேண்டும். உறவுக்குப் பின்னோ மாதவிடாய் முற்றும் நின்ற பின்னோ இரத்தம் கலந்து வந்தால், வலியில்லையே என்று காத்திருக்கலாகாது. கருப்பைவாய்ப் புற்றுநோய் அப்படியும் தலைகாட்டும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இரண்டு கிராமங்களின் 650 பெண்களை ஆராய்ந்து ராணி பங், அபய் பங் குழுவினர் 1989இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 92 சதவீதத்தினருக்கு ஏதேனுமொரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் சோதனை செய்துகொண்டிருந்தவர்கள் 8 சதவீதம். 2005இல் வெளியான கோவா ஆய்வில் விக்ரம் படேலும் உடனிருந்தோரும் கண்டது வேறு. வெள்ளைப்படுவதாக முறையிட்ட பெண்களிடம் மனத்துயரும் வாழ்க்கை நெருக்கடிகளும் வலுவாகத் தொடர்புற்றிருந்தன. தொற்றை மட்டும் வைத்து அந்த முறையீட்டை விளக்க முடியவில்லை. அங்கே நோய் பேசாமல் கிடந்தது. இங்கே துயரம் நோயின் பெயரைக் கடன்வாங்கிப் பேசியது. சொல்லிவிட்டுப் போக அவளுக்கு அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. பேருந்து நிலையச் சுவரொட்டிகளில் 'ஆண்மைக் குறைவு'க்கு அடுத்த வரியில் அதை அச்சிட்டுப் பணம் பண்ணுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இயல்பானதை 'யோனிநீர்' என்று அழைப்போம் என்பது என் முன்மொழிவு. வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் தனித்தமிழில் ஒன்றைத் தரட்டும், மறுப்பின்றி எடுத்துக்கொள்கிறேன். 'படுதல்' மட்டும் அதில் இருக்க வேண்டாம்.