தடுத்த மாமியார் நான்தான்!

என் மருமகளின் தம்பிக்கு 19 வயது. போன வருடம் விடாத காய்ச்சல், ஈறில் ரத்தக்கசிவு என்று டாக்டரிடம் போனபோது, ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். கீமோ கொடுத்ததில் நோய் அடங்கியது. ஆனால், மறுபடி தலைகாட்டாமல் இருக்க எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள்.

கூடப்பிறந்தவர்களாக இருந்தாலும், முழுசாகப் பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பாம். அவன் அண்ணனுக்குப் பொருந்தவில்லை. என் மருமகளுக்குப் பொருந்திவிட்டது.

சம்பந்தியம்மா போனில் அழுதபோது ஆறுதல் சொன்ன நான், போனை வைத்ததும் மகனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "கல்யாணமாகி ஒண்ணரை வருஷம்தான் ஆகுது. இன்னும் ஒரு புழு பூச்சி இல்லை. முதுகெலும்புல ஊசி குத்தி எடுத்தா, நாளைக்கு இவளுக்கு இடுப்பு நிக்குமா? வேற யாரையாவது பார்க்கச் சொல்லுடா!"

சமையலறையில் மருமகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மகன் சண்டை போடவில்லை. "நீயே வந்து டாக்டரைக் கேளும்மா" என்று கூட்டிப் போனான்.

முதுகெலும்பைத் தொடுவதே இல்லையாம்! நாலைந்து நாள் தோலுக்கடியில் ஊசி போடுகிறார்கள். உடம்பு வலி, தலைவலி இருக்கும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் எடுத்து, மெஷினில் ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கை வழியாகத் திருப்பி ஏற்றுகிறார்கள். சில மணி நேர வேலை. சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து எடுப்பதும் உண்டு. கொடுத்தது சில வாரங்களில் ஊறிவிடுமாம். கர்ப்பமாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். பின்னால் பிள்ளை பெற இதனால் தடையில்லை என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. செல்லை ஏற்றுவதற்கு முன், பலமான மருந்து கொடுத்து நோயாளியின் சொந்த மஜ்ஜையை அழித்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் கொடுப்பவர் பின்வாங்கினால், பையன் உயிருக்கே ஆபத்து. "இஷ்டமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்றார். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டு, மருமகளிடம் மட்டும் தனியாகச் சம்மதம் கேட்டார்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் அவளை யாருமே கேட்கவில்லையே!

அவள் கொடுத்தாள். ஒரு வாரத்தில் பழையபடி நடமாடினாள். தம்பி வீடு திரும்பிவிட்டான். தொற்று வரக்கூடாது என்று, இன்றும் நாங்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பதில்லை.

வேலூரில் 1986லேயே ஆரம்பித்த சிகிச்சை இது. இத்தனை வருடம் கழித்தும், பக்கத்து வீட்டுக்காரி பேச்சை நம்பி நான் பயந்தேன். மாமியார்களே, மருமகள் பிறந்த வீட்டுக்கு இப்படி ஒரு சோதனை வந்தால், டாக்டரிடம் போய்க் கேளுங்கள். முடிவை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள். நம் வீட்டுக்கு வந்துவிட்டதால், அவள் தம்பிக்கு அக்கா இல்லை என்று ஆகிவிடுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.