உடையும் வாள் ஒரு குறையா? ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ குறித்த ஒரு மறுமொழி

சென்ற வாரம் விடுதி உணவகத்தில் தொடங்கி நள்ளிரவு வரை நீண்ட ஒரு வாக்குவாதத்தின் தொடர்ச்சியாகவே இதனை எழுதுகிறேன். 2017ஆம் ஆண்டு மார்ச் 3 அன்று வெளிவந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’, ஓர் இலக்கியப் பிரதியைப் போலவே வடிவ நோக்கில் ஆழ்ந்து வாசிக்கத்தக்க வீடியோ கேம் என்று பேச்சுவாக்கில் கூறினேன். எதிரில் அமர்ந்திருந்த ஆய்வாளர் நண்பர்கள் இருவர் கொதித்தெழுந்தனர். இருவரும் பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள். அவர்கள் முன்வைத்த குற்றச்சாட்டுகள் நான்கு. ஒன்று, வலுக்குறைந்த கருவியில் நொடிக்கு 30 சட்டகங்களில் தடுமாறி ஓடும் விளையாட்டு இது. இரண்டு, கையில் எடுத்த ஆயுதம் எல்லாம் சில நிமிடங்களில் உடைந்துபோகிறது. மூன்று, பரந்த நிலம் இருக்கிறது, ஆனால் வெறுமையாக இருக்கிறது. நான்கு, இதே விளையாட்டு வேறொரு கன்சோலில், வேறொரு பெயரில் வந்திருந்தால் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 97 என்னும் சராசரியை எட்டியிருக்காது.

முதல் மூன்றும் படைப்பைப் பற்றியவை. அவற்றுக்கு மறுமொழி கூறலாம். நான்காவது படைப்பைப் பற்றியதே அன்று. அது கன்சோலைப் பற்றியது. ஆனால் அன்றைய உரையாடல் முழுவதையும் இயக்கியது அந்த நான்காவதுதான் என்பது என் எண்ணம்.

இந்தப் பூசல் புதியதன்று. 1990களின் தொடக்கத்தில் செகா நிறுவனமும் நிண்டெண்டோவும் விளம்பரங்களின் வழியே ஒன்றையொன்று நேரடியாகச் சாடின. பள்ளிச் சிறுவர்கள் மாரியோ அணி, சோனிக் அணி என்று பிரிந்து நின்றனர். 2001இல் செகா கன்சோல் தயாரிப்பிலிருந்தே விலகியது. 2007இல் மாரியோவும் சோனிக்கும் ஒரே ஒலிம்பிக் விளையாட்டில் சேர்ந்து ஓடினர். யாருக்காகச் சண்டையிட்டோமோ அவர்கள் கைகுலுக்கிக்கொண்டனர். சண்டையிட்டவர்களிடம் எஞ்சியது பழக்கம் மட்டுமே. அப்பழக்கம் 2017இல் மீண்டும் தலைதூக்கியது. நெதர்லாந்தின் கொரில்லா கேம்ஸ் உருவாக்கிய ‘ஹொரைசன் ஜீரோ டான்’ பிளேஸ்டேஷன் 4இல் வெளியான அதே வாரத்தில் செல்டாவும் வந்தது. இரண்டும் திறந்தவெளி உலகங்கள். இரண்டிலும் வில் உண்டு, மலையேற்றம் உண்டு, அழிந்த நாகரிகத்தின் எச்சங்கள் உண்டு. ஒப்பிட்டு வாசிக்க இதைவிட நல்ல இணை அரிது. ஆனால் நிகழ்ந்தது ஒப்பீடு அன்று, வழக்காடல்.

இனி, ஆயுதங்களுக்கு வருவோம். ஏனெனில் இந்த விளையாட்டின் மீதான மிக உரத்த குற்றச்சாட்டு அதுவே. என் வாதத்தின் மையமும் அதுவே.

பெரும்பாலான சாகச விளையாட்டுகளில் ஆயுதம் ஒரு படிக்கட்டு. ஒரு வாள் கிடைக்கும், பின்னர் அதனினும் கூரிய வாள் கிடைக்கும், பழையது பயனற்றதாகும். எந்நேரமும் ஆட்டக்காரரிடம் ‘ஆகச் சிறந்த’ ஆயுதம் ஒன்று இருக்கும். எல்லாச் சண்டைகளையும் அதைக் கொண்டே முடிக்கலாம் என்பதால் எல்லாச் சண்டைகளும் ஒன்றுபோலவே இருக்கும். ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ அந்தப் படிக்கட்டையே அகற்றிவிடுகிறது. வாள் உடையும் என்று தெரிந்த கணத்தில் ஆட்டக்காரரின் பார்வை வாளிலிருந்து நிலத்தை நோக்கித் திரும்புகிறது. குன்றின் உச்சியில் ஒரு பாறை நிற்கிறது. அதை எதிரிகளின் கூடாரத்தின் மீது உருட்டிவிடலாம். புல் காய்ந்திருக்கிறது, தீ வைத்தால் எழும் வெப்பக் காற்றில் பாராசெயில் விரித்து மேலே எழலாம். இடி முழங்குகிறது, உலோக வாளை எதிரியின் காலடியில் எறிந்தால் மின்னல் அங்கே இறங்கும். மின்சாரம் தாக்கிய எதிரி கையிலுள்ளதை நழுவவிடுவான். அதை நாம் எடுத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் இயலாதபோதும், தீராத வெடிகுண்டுகள் நம்மிடம் உண்டு. விளையாட்டு நம்மை வெறுங்கையோடு விடுவதில்லை. சோம்பலோடு இருக்கத்தான் விடுவதில்லை.

இது தற்செயல் அன்று. 2017இல் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இயக்குநர் ஹிடெமாரோ புஜிபயாஷியும் அவர்தம் குழுவினரும் தம் வடிவமைப்பை விரிவாக விளக்கினர். இயற்பியல் விதிகளோடு ‘வேதியியல் விதிகள்’ என்று தாம் பெயரிட்ட ஒரு தொகுதியையும் அமைத்ததாகக் கூறினர். நெருப்பு, நீர், மின்சாரம் ஆகியன பொருள்களின் நிலையை மாற்றும், ஒன்றையொன்றும் மாற்றும். சில விதிகள், அவற்றின் கூட்டில் எண்ணற்ற விளைவுகள். இவ்வெண்ணத்தைச் சோதிக்க, 1986இன் முதல் செல்டாவைப் போன்ற எளிய இருபரிமாண மாதிரி ஒன்றை முதலில் உருவாக்கியதாகவும் காட்டினர். இலக்கணம் பயின்றோர்க்கு இது அந்நியமானதன்று: குறைந்த விதிகளிலிருந்து எல்லையற்ற தொடர்களைப் பிறப்பிக்கும் முறை. ஆனால் தேய்ந்துபோன ஒரே தொடரைத் திரும்பத் திரும்பக் கூறும் வாய்ப்பு இருந்தால் யாரும் புதுத்தொடர் தேடமாட்டார். ஆயுதம் உடைவது அந்தத் தேய்ந்த தொடரை நம் வாயிலிருந்து பறிக்கிறது.

ஒப்புதல் ஒன்று: முதல் நாற்பது மணிநேரம் நானும் இதைப் புரிந்துகொள்ளவில்லை. நல்ல வாள்களையெல்லாம் ‘பின்னால் உதவும்’ என்று பைக்குள் பூட்டிவைத்துவிட்டுத் துருப்பிடித்தவற்றைக் கொண்டு போராடினேன். பை நிரம்பியது, புதிதாகக் கிடைத்தவற்றை எடுக்க இடமின்றி விட்டுச் சென்றேன். என் எரிச்சலுக்குக் காரணம் விளையாட்டு என்றே எண்ணினேன். தென்கிழக்குக் கடலில் உள்ள ஈவென்டைட் தீவில் கால்வைத்தபோதுதான் தெளிந்தது. அத்தீவில் இறங்கியதும் ஆயுதம், ஆடை, உணவு அனைத்தும் பறிக்கப்படும். மூன்று உருண்டைகளை உரிய பீடங்களில் சேர்த்தால்தான் அவை திரும்பும். கரையில் கிடந்த தடியையும், மரத்தில் காய்த்த பழத்தையும், எதிரிகள் உறங்கும் நேரத்தையும் கொண்டு அத்தீவைக் கடந்தேன். பறிக்கப்பட்டவை மீண்டும் கைக்கு வந்தபோது அவை முன்போல் விலைமதிப்பற்றவையாகத் தோன்றவில்லை.

அடுத்து, கருவியின் வலுக்குறைவு. இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு, மறுக்கப்போவதில்லை. தொலைக்காட்சியில் இணைக்கும்போது 900பி, கையில் வைத்து ஆடும்போது 720பி. கொராக் காட்டுக்குள் நுழைந்தால் காட்சி திக்கித் திணறும். இவ்விளையாட்டு 2012இல் வெளிவந்து வணிகத்தில் தோற்ற வீ யூ கன்சோலுக்காகத் திட்டமிடப்பட்டு, பின்னர் ஸ்விட்சுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. ஆயினும், வலுக்குறைந்த அக்கருவியில்தான் காற்று வீசும் திசையில் தீ பரவுகிறது. நான் வியப்பது காட்சியின் நுணுக்கத்தை அன்று; உலகம் நம் செயலுக்கு விடையளிக்கும் ஒழுங்கை. ஹொரைசனின் இலைகளும் ஒளியும் பேரழகு மிக்கவை. அதன் இயந்திர விலங்குகளின் உறுப்புகளைக் குறிபார்த்துப் பெயர்த்தெடுக்கும் சண்டை முறை நுட்பமானது. அதன் கதை செல்டாவின் கதையைவிடப் பன்மடங்கு செறிவானது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடுகின்றன. ஒன்றின் விடையைக் கொண்டு மற்றதன் கேள்வியை மதிப்பிடுவது முறையாகாது.

நிலம் வெறுமையானது என்ற கூற்றைப் பற்றிச் சிறிது. தொடக்கப் பீடபூமியில் நான்கு சன்னதிகளை முடித்துப் பாராசெயிலைப் பெற்றபின், விளையாட்டு நம்மை எங்கும் செல்ல விடுகிறது. விரும்பினால் நேரே இறுதி எதிரியிடமே செல்லலாம். தேர்ந்த விரைவாட்டக்காரர்கள் அரைமணி நேரத்துக்குள் முடித்துக்காட்டியுள்ளனர். வரைபடம் முழுவதும் குறிகளை நிரப்பிவைக்கும் மரபிலிருந்து விலகி, தொலைவில் தெரிவதை நாமே கண்டு குறித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நிகழ்வுகளுக்கு இடையிலான அந்த வெளிதான் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை உணரவைக்கிறது. வெளியே இல்லாவிடில் அது வரிசை, பயணம் அன்று.

குறைகள் இல்லையா? உண்டு. 120 சன்னதிகளும் ஒரே கல்லில், ஒரே நீல ஒளியில் சலிப்பூட்டுகின்றன. நான்கு தெய்வ விலங்குகளின் முடிவில் நிற்கும் எதிரிகள் ஒரே அச்சில் வார்த்தவர்கள்போல் உள்ளனர். மழையில் மலையேறும்போது வழுக்குவது, முதல்முறை சிந்திக்கவைக்கிறது. இருபதாம் முறை வெறுமனே காத்திருக்கவைக்கிறது. பெட்டியைத் திறந்தால் கிடைப்பதும் உடையும் வாளே என்பதால் பரிசின் மதிப்புக் குறைகிறது என்ற வாதத்துக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. 2023இல் வந்த ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ ஆயுதம் உடைவதைக் கைவிடவில்லை. மாறாக, கண்ட பொருளையெல்லாம் ஆயுதத்தோடு ஒட்டும் ஆற்றலைத் தந்தது. குறையை உருவாக்கியவர்களும் உணர்ந்திருந்தனர் என்றும், கொள்கையைக் கைவிடாமலே அதைச் சரிசெய்ய முயன்றனர் என்றும் இதை வாசிக்கிறேன்.

இக்குறைகளை நம் தரப்பில் ஒப்புக்கொள்வோர் குறைவு என்பதையும் கூறியாக வேண்டும். 2019இல் ‘கென்ஷின் இம்பாக்ட்’ செல்டாவைப் பார்த்து ஆக்கப்பட்டது என்று சினந்த ஒருவர், ஷாங்காயில் நடந்த சைனாஜாய் கண்காட்சியில், சோனி அரங்கின் முன் தம் பிளேஸ்டேஷன் 4ஐத் தரையில் அடித்து உடைத்தார். செல்டாவைக் காப்பதாக எண்ணி அவர் செய்தது அது. உடையும் வாள்களைக் கொண்டு பற்றின்மையைக் கற்பிக்கும் ஒரு விளையாட்டுக்காக ஒருவர் கன்சோலை உடைக்கிறார் எனில், அவர் அதை ஆடியிருக்கலாம், வாசித்திருக்கிறாரா?

நம் சூழலில் இந்தப் பற்றுக்கு மற்றொரு காரணமும் உண்டு. அதை இழிவாகப் பேச நான் விரும்பவில்லை. பல மாதங்கள் தேங்கிய உதவித்தொகை ஒருசேர வந்த மாதத்தில், ஒருவர் பயன்படுத்திய ஸ்விட்சைத்தான் நான் வாங்கினேன். என் நண்பரும் வீட்டுக்குத் தெரியாமல் சேமித்த பணத்தில்தான் பிளேஸ்டேஷன் வாங்கினார். எங்களால் வாங்க முடிந்தது ஒன்றே. ஒன்றையே வாங்க முடிந்தவர், வாங்காததைத் தாழ்த்திப் பேசாவிடில், செலவழித்த பணம் உறுத்தும். அன்றிரவு நாங்கள் இருவரும் காத்தது எந்தப் படைப்பையும் அன்று, எங்கள் ரசீதுகளை.

ஆனால் விமரிசனத்தைத் தொழிலாகக் கொள்ளவிருக்கும் நாம் ரசீதிலிருந்து பேசலாகாது. வகுப்பறையில் ஒரு நாவலை அதன் பதிப்பாளரைக் கொண்டு மதிப்பிடும் மாணவரைத் திருத்துகிறோம். அந்த ஒழுங்கை விளையாட்டுக்கும் அளிக்க வேண்டும். இல்லையேல் வீடியோ கேம் ஆய்வு என்பது ரசிகர் மன்றத்தின் மறுபெயராகிவிடும்.

கட்டுரை முடிந்தது, வாதம் முடியவில்லை. அடுத்த மாதம் முழுவதும் என் ஸ்விட்ச் நண்பரின் அறையிலும், அவருடைய பிளேஸ்டேஷன் என் அறையிலும் இருக்கும் என்று முடிவுசெய்துள்ளோம். அவர் ஈவென்டைட் தீவிலிருந்து திரும்பிய பின்னரும் உடையும் வாள் குறையே என்று கூறுவாராயின், அக்கூற்றை மகிழ்ச்சியோடு கேட்பேன். மறுப்போர் பின்னூட்டத்தில் மறுக்கலாம். ஆடிவிட்டு மறுத்தால் நன்று.