ஒரு பென்னிக்கு ஒரு கோடி ரூபாயா? ரீல்ஸ் சொல்லாத ஏலக் கணக்கு!

'உங்க பாட்டி பெட்டியில இந்தக் காசு இருக்கா? அப்போ நீங்கதான் லட்சாதிபதி!' ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும்போது இந்தக் குரலை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். நம்ம ஊரில் வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய். பிரிட்டனில் பழைய பென்னி. நாடு மாறினாலும் ஸ்கிரிப்ட் ஒன்றுதான்.

ஆனால், பிரிட்டிஷ் பென்னி விஷயத்தில் இது முழுப் பொய் இல்லை. 2016-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், 1933-ம் ஆண்டு தேதியிட்ட ஒரே ஒரு பென்னி 1,93,875 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல்! முழுப் பொய்யைக்கூட கண்டுபிடித்துவிடலாம். இந்த மாதிரி பாதி உண்மையில்தான் பலரும் மாட்டுகிறார்கள்.

இப்போது இந்த வீடியோக்களுக்குத் தீனியும் கூடியிருக்கிறது. 2024-ல் பிரிட்டன் அரசு புதிய 1 பென்னி, 2 பென்ஸ் நாணயங்களுக்கு ஆர்டரே கொடுக்கவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்கா தன் ஒரு சென்ட் காசை, புழக்கத்துக்காக அச்சடிப்பதை நிறுத்திவிட்டது. சில்லறையே மறைந்துவரும்போது 'பழைய காசை வாங்கிப் போட்டா பின்னாடி லாபம்' என்ற பேச்சு எடுபடத்தானே செய்யும்? அதை நம்பி ஏல ஆப்பை டவுன்லோடு செய்யும் முன் சில கணக்குகளைப் பார்த்துவிடுவோம்.

1933-ல் அப்படி என்ன ஸ்பெஷல்?

1971 பிப்ரவரி 15 வரை பிரிட்டனில் ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். அந்தக் காலத்து பென்னி, சுமார் 31 மி.மீ அகலமுள்ள பெரிய வெண்கலக் காசு. 1933-ல் புழக்கத்தில் தேவைக்கு மேல் பென்னிகள் இருந்ததால், அந்த ஆண்டுக்குப் புதிதாக அச்சடிக்க வேண்டாம் என்று முடிவானது.

ஆனால், முக்கியமான கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டும்போது அந்த ஆண்டின் காசுகளை அடியில் வைப்பது அங்கே வழக்கம். அதற்காகவும் அருங்காட்சியகங்களுக்காகவும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் மட்டும் அச்சடித்தார்கள். ஒன்று லண்டன் பல்கலைக்கழக செனட் ஹவுஸின் அடிக்கல்லுக்குக் கீழே போனது. லீட்ஸ் நகரில் ஒரு தேவாலயத்தின் அடியில் இருந்ததை 1970-ல் யாரோ தோண்டித் திருடிவிட்டார்கள். அதே ஊரில் இன்னொரு தேவாலயத்தில் இருந்த பென்னியும் திருடு போய்விடக் கூடாதே என்று, தேவாலயத் தரப்பே அதை எடுத்து விற்றுவிட்டது!

ஆக, 1933 பென்னி உங்கள் பாட்டியின் பெட்டியில் இருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். மக்கள் கைக்கே வராத காசு அது.

பழசுன்னாலே விலையா?

இல்லை. இதற்கு நம்ம சென்னையோடு தொடர்புள்ள உதாரணமே இருக்கிறது. 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல், மதராஸ் மாகாணத்துக்கான கிழக்கிந்தியக் கம்பெனியின் செப்புக் காசுகளோடு கிளம்பி, இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கான காசுகளை மேலே கொண்டு வந்தார்கள். 200 வருடப் பழசு, கப்பல் விபத்து, கடல் புதையல் என சினிமாவுக்கான எல்லாமே அதில் இருக்கிறது. ஆனால், எண்ணிக்கை அதிகம். அதனால் இன்றும் அவை சாதாரண சேகரிப்பாளர் வாங்கக்கூடிய விலையிலேயே கிடைக்கின்றன.

சரி, குறைவாக அச்சடித்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 1951 பென்னி வெறும் 1,20,000தான் அச்சானது. 1967 தேதியிட்டவையோ 65 கோடிக்கும் மேல். ஆனாலும் 1951-க்கு லட்சங்கள் இல்லை. சில பத்து பவுண்டுகளுக்கே கிடைக்கும். காரணம், அவற்றில் பெரும்பகுதி பெர்முடா தீவுக்குப் போய், பிறகு வியாபாரிகள் மூலம் திரும்பி வந்தன. எத்தனை அச்சானது என்பதைவிட, எத்தனை நல்ல நிலையில் மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

ஒரு மி.மீ வித்தியாசம்

பென்னி சேகரிப்பவர்கள் லென்ஸும் கையுமாகத்தான் இருப்பார்கள். 1895 பென்னியில் பிரிட்டானியாவின் திரிசூலத்துக்கும் 'பென்னி' என்ற சொல்லின் முதல் எழுத்துக்கும் நடுவே சாதாரணமாக 1 மி.மீ இடைவெளி. அது 2 மி.மீ என்றால், அரிய ரகம். 1918, 1919 பென்னிகளில் தேதியை ஒட்டி 'கே.என்' என்று குட்டியாக இருந்தால், அது கிங்ஸ் நார்டன் ஆலையில் அடித்தது. தேய்ந்துபோனதைக் கொஞ்சம் காசுக்கே வாங்கலாம். புத்தம் புதிதுபோல இருந்தால் நூற்றுக்கணக்கான பவுண்டுகள்.

இந்த நுணுக்கங்களையெல்லாம் மைக்கேல் ஃப்ரீமன் என்பவர் புத்தகமாகவே தொகுத்து வைத்திருக்கிறார். ஏலப் பட்டியல்களில் 'ஃப்ரீமன் எண்' என்று வருவது அதைத்தான். உங்களோடு போட்டி போட்டு ஏலம் கேட்பவருக்கு இது மனப்பாடம். விஷயம் தெரிந்தவர் பாதியில் விலகிய காசை நீங்கள் 'ஜெயித்து' வாங்கினால், அது வெற்றிதானா என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

500 பவுண்ட் எப்படி 620 ஆகிறது?

லண்டனின் ஸ்பிங்க், நூனன்ஸ் மாதிரியான ஏல நிறுவனங்களில் வீட்டிலிருந்தே போனில் ஏலம் கேட்கலாம். சுத்தியல் தட்டும்போது திரையில் வரும் தொகைதான் நீங்கள் கட்ட வேண்டியது என்று நினைத்தால், அங்கேதான் சிக்கல்.

ஓர் உதாரணக் கணக்கு. ஏலத்தில் 500 பவுண்டுக்கு ஒரு பென்னியைப் பிடிக்கிறீர்கள். வாங்குபவர் கட்டணம் 20% என்று வைத்துக்கொண்டால் 100 பவுண்ட். அந்தக் கட்டணத்துக்கு பிரிட்டனின் வாட் வரி 20%, அதாவது 20 பவுண்ட். மொத்தம் 620. கூரியர், இன்ஷூரன்ஸ், கார்டு கட்டணம், இந்தியாவில் சுங்க வரி எல்லாம் தனி.

அடுத்த வாரமே அதை அதே 500-க்கு ஏலத்தில் விற்றால்? விற்பவர் கமிஷன் 15% போக, கைக்கு வருவது 425. காசின் விலை ஒரு பவுண்டுகூட குறையவில்லை. ஆனால், உங்களுக்கு 195 பவுண்ட் அவுட்! போட்ட 620-ஐ திரும்ப எடுக்கவே, அந்த பென்னி கிட்டத்தட்ட 730 பவுண்டுக்குப் போக வேண்டும். அதாவது 46% ஏற வேண்டும். 'காயின்ஸ்ல இன்வெஸ்ட் பண்ணுங்க' என்பவர்கள் இந்தக் கணக்கை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று. இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த நாணயமும் தொல்பொருள்தான். தனிநபர் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. ஆசையாக வரவழைத்த விக்டோரியா பென்னியை 'லண்டனுக்கே அனுப்பி வித்துக்கலாம்' என்று சுலபமாக நினைத்துவிடாதீர்கள்.

போலிகள் ஜாக்கிரதை

வேறு வருடத்துக் காசின் கடைசி எண்ணைச் சுரண்டி 1933 ஆக்குவது பழைய டெக்னிக். வெண்கலப் பென்னியின் எடை சுமார் 9.4 கிராம், காந்தத்தில் ஒட்டாது. இதில் தேறாதது நிச்சயம் சந்தேகத்துக்குரியது. ஆனால், தேதியை மட்டும் மாற்றிய காசு இந்தச் சோதனையில் தேறிவிடும். அதனால் பெரிய விலை என்றால், பி.சி.ஜி.எஸ், என்.ஜி.சி போன்ற தர நிறுவனங்கள் சோதித்து உறையிட்டதை மட்டும் பாருங்கள். அந்த உறையிலும் போலி உண்டு என்பதால், அதன் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்ப்பது அவசியம்.

'உங்க காசுக்கு லட்சக்கணக்குல தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க' என்று யாராவது சொன்னால், உடனே பிளாக் செய்யுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது.

அப்போ வாங்கவே கூடாதா?

தாராளமாக வாங்கலாம். லாபத்துக்காக என்றால்தான் பிரச்னை; ஆசைக்காக என்றால் இது அருமையான பொழுதுபோக்கு. ராணி விக்டோரியா இளம்பெண்ணாக இருந்ததிலிருந்து முக்காடிட்ட மூதாட்டியாகும் வரை, அவர் வயதாவதைப் பென்னிகளிலேயே பார்க்கலாம். தேய்ந்த பென்னிகள் ஒரு டீ, வடை செலவுக்குக் கிடைக்கும்.

* முதலில் புத்தகம், பிறகு காசு.
* ஏலத்துக்கு முன்பே, கட்டணங்களையும் சேர்த்து உங்கள் உச்ச வரம்பை எழுதி வையுங்கள். அதைத் தாண்டினால் போனைக் கீழே வைத்துவிடுங்கள்.
* முடிந்துபோன ஏலங்களின் விலையைப் பாருங்கள். ஆன்லைனில் ஒருவர் கேட்கும் விலை வேறு, உண்மையில் விற்ற விலை வேறு.
* முக்கியமாக, கறுத்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நூறு வருடம் தாங்கிய காசின் மதிப்பு ஐந்தே நிமிடத்தில் போய்விடும்!