கப்பல் ஏறப் போகிறீர்களா? ஊசி போட்டாகிவிட்டதா?

உல்லாசக் கப்பலில் ஊர் சுற்றுவது ஒரு காலத்தில் மகாராஜாக்களுக்கும் கோடீசுவரர்களுக்கும் மட்டும் உரிய காரியமாக இருந்தது. இன்று அப்படி இல்லை. காட்டுப்பாக்கத்திலும் குமணன்சாவடியிலும் இருக்கிற நடுத்தரக் குடும்பத்தினர்கூட சீட்டுப் பணம் எடுத்துக் கப்பல் ஏறுகிறார்கள்.

2022-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து "எம்பிரஸ்" என்ற உல்லாசக் கப்பல் புறப்பட்டது. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடி அசைத்துத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அந்தக் கப்பல் சென்னையில் இருந்து இலங்கைக்கே போயிற்று. அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களைத் தொட்டது. விமானத்தில் சிங்கப்பூருக்குப் போய், அங்கே கப்பல் ஏறுகிறவர்களும் உண்டு.

டிக்கெட் வாங்கியாயிற்று. பாஸ்போர்ட்டு கையில் இருக்கிறது. பெட்டிகூடப் புதிதாக வாங்கியாயிற்று.

ஊசி?

இந்தக் கேள்வியைக் கேட்டால் பலர் விழிக்கிறார்கள். "கப்பலுக்கு எதற்கு ஊசி?" என்கிறார்கள். கப்பலுக்காக அல்ல. கப்பல் எந்த ஊரைத் தொடுகிறதோ, அந்த ஊருக்காக!

இங்கிருந்து நேராக இலங்கைக்கோ, சிங்கப்பூருக்கோ போய் வருகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவை இல்லை. ஆனால் கென்யா நாட்டின் மொம்பாசா, பிரேசில் நாட்டின் ரியோ போன்ற துறைமுகங்களைத் தொடும் பயணம் என்றால் கதையே வேறு. அங்கே போய்விட்டு இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இருக்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் என்றதும் மஞ்சள் காமாலை என்று நினைத்துவிடக் கூடாது. கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பவும் கூடாது. இது கொசு கடித்துப் பரவும் கொடிய காய்ச்சல். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இருக்கிறது. இதைக் குணப்படுத்தத் தனி மருந்து கிடையாது. தடுக்க ஊசி உண்டு. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும். 2016-ம் ஆண்டு ஜூலை மாதம் முதல் உலக நாடுகள் இதை ஏற்றுக்கொண்டு இருக்கின்றன.

10 நாள் கணக்கு

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஊசி போட்ட அன்றே சான்று செல்லாது. 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். மே 20-ந் தேதி பயணம் என்றால், மே 10-ந் தேதிக்குள் ஊசி போட்டிருக்க வேண்டும். ஒரு மாதம் முன்னதாகவே போட்டுவிடுவது நல்லது.

தெருமுனை டாக்டரிடம் போட்டுக்கொண்டு சீட்டு எழுதி வாங்கினால் அது எடுபடாது. அரசாங்கம் அங்கீகரித்த இடங்களில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. துறைமுக சுகாதார அலுவலகமும் உண்டு. காட்டுப்பாக்கத்துக்காரர்களுக்குக் கிண்டிதான் வசதி. போரூர், நந்தம்பாக்கம் வழியாக நேரே போய்விடலாம். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

கிங் நிலையம் நேற்று முளைத்தது அல்ல. 1899-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் சென்னை மாகாணம் முழுவதற்கும் அம்மைப்பால் அங்கேதான் தயாரானது.

தமிழனுக்குக் கப்பலும் ஊசியும் புதிது அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் மக்களை மண்டபம் முகாமில் சில நாட்கள் நிறுத்தி வைத்தார்கள். அம்மை குத்தினார்கள். உடம்பைச் சோதித்தார்கள். பிறகுதான் கடலைத் தாண்ட விட்டார்கள். அவர்கள் வயிற்றுப் பிழைப்புக்குப் போனார்கள். பேரப்பிள்ளைகள் உல்லாசத்துக்குப் போகிறார்கள். 1980-ம் ஆண்டில் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டதால், அந்த ஊசி மட்டும் இன்று இல்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் கொசு இருக்கிறது! நமக்கு டெங்கு காய்ச்சலைக் கொண்டுவருகிறதே, அதே கொசுதான். மழை விட்ட மறுவாரம் காட்டுப்பாக்கத்தில் பழைய டயர், தேங்காய்த் தொட்டி, மூடாத தொட்டி எதை எடுத்துப் பார்த்தாலும் அதன் புழு நெளியும். நோயோடு ஒருவர் வந்து இறங்கி, அவரை ஒரு கொசு கடித்துவிட்டால் என்ன ஆகும்? அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அல்லவா ஆபத்து!

அதனால்தான் சட்டம் கடுமையாக இருக்கிறது. அந்த நாடுகளில் இருந்து சான்று இல்லாமல் வந்தால், 6 நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். இந்த நோய் உடம்பில் புகுந்தால் 3 முதல் 6 நாட்களுக்குள் தெரிந்துவிடும். 6 நாள் கணக்கு அதில் இருந்து வந்தது. பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேதம் கிடையாது.

தனிமை என்றால் என்ன என்று இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியது இல்லை. 2020 மார்ச்சில், கொரோனா வந்த புதிதில், வெளிநாட்டில் இருந்து வந்தவர்களைப் பூந்தமல்லி பொது சுகாதார நிறுவனத்தில் தங்கவைத்ததைப் பார்த்தவர்கள்தானே!

அதற்கு முந்தின மாதம் ஜப்பானில் "டயமண்ட் பிரின்சஸ்" என்ற கப்பல் யோகோகாமா துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. கப்பலில் இருந்தவர்கள் 3,711 பேர். அவர்களில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. கப்பலில் வேலை பார்த்த இந்தியர்களும் சிக்கிக்கொண்டார்கள். 2022 ஜனவரியில் மும்பையில் இருந்து கோவாவுக்குப் போன உல்லாசக் கப்பல் ஒன்றில் 66 பேருக்கு நோய் இருப்பது தெரிந்தது. ஒரே சாப்பாட்டுக் கூடம், ஒரே மாடிப்படி, ஒரே லிப்டு. ஒருவர் தும்மினால் போதும்.

ஆகவே, சட்டம் கேட்காத ஊசிகளும் சில உண்டு. டைபாய்டு ஊசி, புளூ காய்ச்சல் ஊசி இரண்டையும் புறப்படுவதற்கு 2 வாரத்துக்கு முன்பே போட்டுக்கொண்டால்தான் பயன். குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி விட்டுப்போயிருக்கிறதா என்று ஊசி அட்டையைப் பார்க்க வேண்டும். கப்பல் கம்பெனிகள் தனியாக நிபந்தனை போடுவதும் உண்டு. அது அடிக்கடி மாறும். விருந்தையும் நாட்டியத்தையும் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், ஊசி விவரத்தைப் பொடி எழுத்தில் போடுவது சரியில்லை. பணம் கட்டும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

கப்பலில் வாந்தியும் பேதியும் தரும் ஒரு கிருமி அடிக்கடி தலைகாட்டும். நோரோ என்று பெயர். அதற்கு ஊசி இல்லை. பாட்டில் மருந்தைக் கையில் தடவினால் அது சரியாகச் சாவதும் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் வழி.

கர்ப்பிணிகள், 60 வயதைத் தாண்டியவர்கள், கைக்குழந்தைகள், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். சிலருக்கு அந்த ஊசியே கூடாது.

பாட்டிக்குச் சர்க்கரை, தாத்தாவுக்கு ரத்தக் கொதிப்பு என்றால், மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் டாக்டர் உண்டு. ஆனால் பெரிய ஆபரேஷன் செய்ய ஆஸ்பத்திரி கிடையாது. வைத்தியச் செலவும் கரையைவிட அதிகம். அதற்காகத்தான் பயண இன்சூரன்ஸ். பழைய நோய்க்கும் அது பணம் தருமா என்று கேட்டுப் பார்த்து எடுங்கள்.

ஒரு விஷயம். மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். துறைமுகத்தில் பெட்டியைத் தனியே வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை, பாட்டியின் கைப்பையில் இருக்கட்டும்.