கேட்பவனும் வாசகனே

"ஒலிநூல் கேட்பது வாசிப்பு ஆகாது. அதிலும் சிரிப்பூட்டும் குற்றக்கதை என்றால் அது நேரத்தைக் கொல்லும் வேலை." அண்மைக் காலமாக எழுத்துலக நண்பர்கள் சிலர் எனக்கு வழங்கிவரும் தீர்ப்பு இது. தீர்ப்பளித்தவர்களுள் எவரும் சாட்சியத்தைக் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆகவே மேன்முறையீடு செய்கின்றேன்.

நான் கேட்டு மகிழ்வது ஜோன் மோர்ட்டிமர் எழுதிய 'றம்போல்' வரிசைக் கதைகளை. ஹொரேஸ் றம்போல் இலண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் வழக்காடும் முதிய பாரிஸ்டர். பட்டங்கி அணியும் மூத்த சட்டத்தரணியாக ஒருபோதும் உயராதவர். மலிவான வைனும் சிறு சுருட்டும் வேட்ஸ்வர்த்தின் கவிதைகளும் அவருக்குப் போதும். பிரதிவாதித் தரப்பில் நிற்பதே அவரது கொள்கை. தம் கட்சிக்காரர் 'குற்றவாளி' என்று ஒப்புக்கொள்வதை அவர் விரும்புவதில்லை. நீதிபதிகளுக்கு அஞ்சாத இந்த மனிதர் மனைவி ஹில்டாவுக்கு மட்டும் அஞ்சுவார். தென் இலண்டனின் சில்லறைத் திருட்டுக் குடும்பமாகிய டிம்சன்களே அவருக்குச் சோறு போடுபவர்கள்.

முதலாவது குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். கேட்பது வாசிப்பு அல்லவாம்! றம்போல் பிறந்ததே நடிகரின் குரலில்தான். 1975இல் பிபிசி தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் லியோ மெக்கேன் அப்பாத்திரமாகத் தோன்றினார். 1978 முதல் 1992 வரை அவரே தொடராக நடித்தார். முதற் கதைத்தொகுதி 1978இல்தான் நூலாயிற்று. ஆக இங்கே குரல் முந்தியது, அச்சுப் பிந்தியது.

மேலும், நீதிமன்றம் என்பதே செவியால் இயங்கும் இடம். சாட்சியின் தடுமாற்றத்தையும், குறுக்கு விசாரணையில் விழும் மௌனத்தையும் ஜூரர்கள் கேட்டுத்தான் உண்மையை எடைபோடுகின்றனர். அச்சுப் பக்கத்தில் நம் கண் கேள்வியிலிருந்து பதிலுக்குத் தாவிவிடும். ஒலிநூலில் அந்த வசதி இல்லை. ஜூரர்களைப் போலவே நாமும் காத்திருக்க வேண்டும். கதைகள் றம்போலின் தன்கூற்றாக அமைந்திருப்பதால், வாசிப்பவர் அவராகவே மாறிவிடுகின்றார். 'பெங்கே பங்களோ' கொலை வழக்கைப் பற்றிய 2004ஆம் ஆண்டு நாவலைப் பில் வாலிஸின் குரலில் கேட்டுப் பாருங்கள். ஒரு பெருமூச்சில் எத்தனை நகைச்சுவை அடங்கும் என்பது புரியும்.

மோர்ட்டிமரின் தந்தையும் பாரிஸ்டர். பார்வையை இழந்த பின்னரும் அவர் தொழிலைக் கைவிடவில்லை. மனைவி வழக்கேடுகளை வாசித்துக்காட்ட, அவற்றைச் செவிவழி உள்வாங்கி மன்றில் வாதிட்டார். மகன் அவரைப் பற்றி ஒரு நாடகமே எழுதினார். அம்மனிதர் தம் வழக்கேடுகளை 'வாசிக்கவில்லை' என்று எமது நண்பர்கள் சொல்வார்களா?

தமிழருக்கு இதைச் சொல்லவேண்டியிருப்பது வெட்கம். வள்ளுவர் 'கேள்வி' என்று தனி அதிகாரமே வகுத்தார். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் கந்தபுராணத்தை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாதவரும் அதில் தேர்ச்சி பெற்றனர். புராணபடனத்தைப் பண்பாடு என்று போற்றுபவர்கள், அதே செயலைக் காதுக்குழாய் செய்யும்போது சோம்பல் என்பது எந்த நியாயம்?

இரண்டாவது குற்றச்சாட்டு, இவை வெறும் சிரிப்புக் கதைகள் என்பது. ஆம், சிரிப்புத்தான். ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கின்றோம்? விசாரணை முடியுமுன்னரே முடிவெடுத்துவிட்ட நீதிபதியைப் பார்த்து, வாக்குமூலத்தைத் தாமே புனையும் பொலிஸாரைப் பார்த்து, பதவிக்காக வளையும் சக சட்டத்தரணிகளைப் பார்த்து. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரச தரப்புக்கே உரியது என்பதைப் 'பொற்சரடு' என்று 1935இல் சாங்கி பிரபு ஒரு தீர்ப்பில் வர்ணித்தார். றம்போல் அந்தச் சரட்டைக் கடைசிவரை கைவிடாதவர். மோர்ட்டிமரும் ஏட்டுச் சுரைக்காய் அல்லர். 1971இல் 'ஒஸ்' சஞ்சிகை ஆசிரியர்களுக்காக அதே ஓல்ட் பெய்லியில் வாதாடியவர்.

2006இல் வெளிவந்த நாவலில், பாகிஸ்தானிய மருத்துவர் ஒருவர் பயங்கரவாதச் சந்தேகத்தின் பேரில், குற்றம் இன்னதென்றே கூறப்படாமல் தடுத்துவைக்கப்படுகின்றார். 83 வயதில் மோர்ட்டிமர் அதைச் சிரிக்கச் சிரிக்க எழுதினார். இதை 'நேரத்தைக் கொல்லும் வேலை' என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால் மன்னிக்கலாம். நாம் சொல்லலாமா? 1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், பொலிஸ் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலமே சான்றாக ஏற்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவர்கள் நாம். எழுதியதற்காக 2009இல் பத்திரிகையாளர் திசைநாயகத்துக்கு 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டதும் அச்சட்டத்தின் கீழேதான். மறுஆண்டு பொதுமன்னிப்புக் கிடைத்தது என்பது வேறு விடயம். எத்தனையோ ஆசிரியத் தலையங்கங்கள் எழுதினோம். அவற்றை நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? கதையில் சிரித்தபடி கற்ற நீதியை எவரும் எளிதில் மறப்பதில்லை.

ஒலிநூலில் குறையே இல்லை என்று வாதிடவில்லை. முன்பக்கத்தைப் புரட்டிப் பெயரைச் சரிபார்க்க முடியாது. சுருக்கிய பதிப்புகள் நகைச்சுவையின் கழுத்தை நெரித்துவிடுகின்றன. ஆகவே முழுமையான பதிப்பையே தேடிக் கேளுங்கள்.

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புலம்பெயர் நாடுகளில் கண் மங்கிய முதியோர் பலர் உள்ளனர். தமிழ் பேசத் தெரிந்து வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளும் உள்ளனர். இருசாராருக்கும் பொதுவான ஒரே நூல் காதால் கேட்கும் நூலே. நல்ல குரல்களைத் தேடிப் பிடியுங்கள். உரிய ஊதியம் கொடுங்கள். ஒரு வரியும் வெட்டாமல் வாசிக்கச் செய்யுங்கள். புனிதமான நூல்கள் மட்டும் வேண்டாம், சிரிக்க வைப்பவையும் வரட்டும்.

எனது வாதம் முடிந்தது. தீர்ப்பளிக்குமுன் ஒரு கதையையேனும் கேட்டுவிடுங்கள். பொற்சரடு நூல்களுக்கும் பொருந்தும்.