வாய்தா யாருக்காக?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

காலம் பொன் போன்றது என்று பேசாத மேடை இல்லை. ஆனால் எழுபது வயதைக் கடந்து, பெற்ற பிள்ளையிடம் சோற்றுக்கு வழி கேட்டு மனுப் போட்டிருக்கும் ஒரு தாயின் காலத்துக்கு நாம் தரும் மதிப்பு என்ன? மாணவ நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் இதைச் சற்றே சிந்திக்க வேண்டுகிறேன்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியரே இதற்கான தீர்ப்பாயத்தின் தலைவர். சிவில் வழக்குபோல் ஆண்டுக்கணக்கில் இழுபடக் கூடாதென்று சட்டமே கெடு வைத்திருக்கிறது. பராமரிப்புத் தொகை கேட்கும் மனுவை, எதிர்த் தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். விதிவிலக்கான சூழ்நிலையில் ஒரே ஒரு முறை, அதிகமாகப் போனால் 30 நாட்கள் நீட்டிக்கலாம். அதற்கும் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

ஏட்டில் இருப்பது இது. நடப்பது என்ன? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே தெருவில் யாருக்கும் மனு எழுதுவதும், துணைக்குப் போவதும் என் பொறுப்பு. அப்படி ஒரு பாட்டியுடன் சென்ற விசாரணை மூன்று முறை தள்ளிப் போயிற்று. ஒரு நாள் மகன் வரவில்லை. ஒரு நாள் அதிகாரிக்கு வேறு பணி. மற்றொரு நாள் காரணமே சொல்லப்படவில்லை. ஒவ்வொரு முறையும் பாட்டிக்குக் களையெடுப்புக் கூலி போயிற்று. மகனுக்கோ நட்டமில்லை, தர வேண்டிய பணம் அவரிடமே தங்கியது. ஒரே வாய்தா, ஒருவருக்கு இழப்பு, மற்றவருக்கு ஆதாயம்!

"மகன் தரப்பையும் கேட்க வேண்டாமா?" என்று சிலர் வினவலாம். கட்டாயம் கேட்க வேண்டும். வெளியூரில் வேலை பார்ப்பவருக்கு விடுப்புக் கிடைக்காமல் போகலாம், உடல்நலம் கெடலாம். அவகாசம் தருவது நியாயமே. ஆனால் அது இலவசமாக இருக்கக் கூடாது. விசாரணை முடியும் முன்பே இடைக்காலப் பராமரிப்புத் தொகை தர உத்தரவிடும் அதிகாரம் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவில் இருக்கிறது. நாள் கேட்கும் பிள்ளை, அந்த நாட்களுக்கான சோற்றுப் பணத்தைக் கட்டிவிட்டுக் கேட்கட்டும். வேண்டுமென்றே வராதவரைப் பொறுத்தவரை, அவர் இல்லாமலே விசாரித்து முடிக்க 6-ஆம் பிரிவு இடம் தருகிறது.

முதியவர் நோயினால் நாள் கேட்டால், அதைத் தாராளமாகத் தர வேண்டும். தன் சோற்றைத் தானே தள்ளிப் போட யார் விரும்புவார்? இரு தரப்பையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் சமநீதி என்று எண்ணுவது தவறு. பசிக்கு வாய்தா கிடையாது அன்றோ!

நண்பர்களே, நாளை நம் ஊர் முதியவருக்கு மனு எழுதும் வாய்ப்பு உங்களுக்கும் வரும். இடைக்காலத் தொகை வேண்டும் என்பதை முதல் மனுவிலேயே எழுதுங்கள். விசாரணை தள்ளிப் போனால் காரணத்தையும் அடுத்த தேதியையும் எழுத்தில் கேளுங்கள். அறிவிப்பு சேர்ந்த தேதியைக் குறித்து வைத்து 90 நாட்களை எண்ணுங்கள். நாம் கற்ற கல்வி நான்கு எழுத்து அறியாத ஒரு முதியவருக்கு அந்த அளவிலாவது பயன்படட்டும்.